நீதிபதி கையெழுத்திடாத தாளை நம்பி ஒருவரை அடைத்து வைக்கலாமா? நியூஜெர்சித் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

நியூஜெர்சியில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

ஊர்க் காவல்துறை கைது செய்த ஒருவரை, நீதிமன்றம் விடுவிக்கச் சொன்ன பிறகும், ஐ.சி.இ. எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறை கேட்டுக்கொண்டது என்பதற்காக மேலும் அடைத்து வைக்கலாமா என்ற கேள்வியில் நம் அமைப்புகள் பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கின்றன. நெவார்க், ஜெர்சி சிட்டி, பேட்டர்சன், ஹோபோக்கன் ஆகிய நான்கு நகரங்கள் ஐ.சி.இ.க்கு ஒத்துழைப்பதைக் கட்டுப்படுத்தி வகுத்த கொள்கைகளை எதிர்த்து 2025 மே மாதத்தில் ஃபெடரல் அரசின் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் வழக்குத் தொடுத்தபோதும், நெவார்க்கின் டெலனி ஹால் மீண்டும் குடியேறிகளுக்கான தடுப்பு மையமாகத் திறக்கப்பட்டபோதும், நான் சென்ற தமிழ்க் கூட்டங்களில் அதைப் பற்றிய பேச்சே எழவில்லை. பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் மேயரையும் காவல்துறைத் தலைவரையும் அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். அவர்களிடம் இந்தக் கேள்வியையும் நாம் முறைப்படி எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஐ.சி.இ.யின் அந்தக் கோரிக்கை எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘டிடெய்னர்’ என்று வழங்கப்படும் அந்தப் படிவத்தின் எண் ஐ-247ஏ. ஜாமீன் கிடைத்தோ, வழக்குத் தள்ளுபடியாகியோ, தண்டனை முடிந்தோ வெளியே போக வேண்டிய ஒருவரை, தாங்கள் வந்து அழைத்துச் செல்வதற்காக 48 மணி நேரம் வரை வைத்திருக்குமாறு அது சிறை நிர்வாகத்தைக் கேட்கிறது. 2017 முதல் அதனுடன் ஒரு வாரண்டும் இணைக்கப்படுகிறது. ஆனால் அதில் கையெழுத்திடுபவர் நீதிபதி அல்லர், அதே துறையின் அதிகாரி. பிடிக்க விரும்பும் துறையே, பிடிப்பதற்குப் போதிய காரணம் உண்டு என்று தனக்குத் தானே சான்றளித்துக்கொள்கிறது. குற்ற வழக்கில் வாரண்ட் இல்லாமல் கைதானவரின் கைதுக்குத் தகுந்த காரணம் இருந்ததா என்பதைப் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி ஒருவர் பரிசீலிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-ல் தீர்ப்பளித்தது. வெளியேற்றப்படத் தக்கவர் இந்த நாட்டில் தங்கியிருப்பது மட்டுமே பொதுவாகக் குற்றமாகாது என்று அதே நீதிமன்றம் 2012-ல், அரிசோனா மாநிலத்தின் சட்டத்தைப் பற்றிய வழக்கில் சொன்னது. அப்படியானால், திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உறுதி செய்யப்பட்டிருக்கும் நீதிபதியின் பரிசீலனை, குற்றமே சாட்டப்படாத ஒரு விஷயத்துக்காக அடைத்து வைக்கப்படுபவருக்கு ஏன் இல்லை? இந்த வேறுபாட்டுக்கு நியாயமான விளக்கம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

டிடெய்னரை ஏற்காத ஊர்கள் குற்றவாளிகளை ஒளித்து வைக்கின்றன என்ற பேச்சு நம்மவரிடையே பரவலாக இருக்கிறது. காவல் நிலையத்தில் பதிவாகும் கைரேகை எஃப்.பி.ஐ.க்குச் சென்று, அங்கிருந்து தானாகவே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தரவுத்தளத்தையும் எட்டிவிடுகிறது. 2008-ல் தொடங்கிப் பிறகு நாடு முழுவதும் விரிந்த ஏற்பாடு இது. இதிலிருந்து விலகும் உரிமை எந்த ஊருக்கும் இல்லை. கைதானவர் யார், எங்கே இருக்கிறார் என்பது ஐ.சி.இ.க்குத் தெரிந்துவிடுகிறது. அவரைத் தேடிப் பிடிக்கவோ நீதிபதியிடம் வாரண்ட் வாங்கவோ அத்துறைக்குத் தடை ஏதுமில்லை. விடுதலைக்கான நேரம் வந்த பிறகும் ஊர்க் காவல்துறை தன் பூட்டையும் சாவியையும் இரவலாகத் தர வேண்டுமா என்பது மட்டுமே இங்கே கேள்வி.

இரவலாகத் தந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2008 நவம்பரில் பென்சில்வேனியாவின் அலன்டவுனில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் போதைப்பொருள் வழக்கொன்றில் கைதானார். அவர் நியூஜெர்சியில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். ஓட்டுநர் உரிமமும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் அவருடைய பணப்பையிலேயே இருந்தன. ஜாமீன் தொகை கட்டிய பிறகும், டிடெய்னர் இருக்கிறது என்று சொல்லி லீஹை கவுண்டிச் சிறை அவரை வார இறுதி முழுவதும் அடைத்து வைத்தது. பின்னர் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து நடுவர் குழு அவரை விடுவித்தது. அவர் தொடுத்த வழக்கில் 2014 மார்ச்சில் ‘தேர்ட் சர்க்யூட்’ எனப்படும் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம், டிடெய்னர் என்பது வெறும் வேண்டுகோளே, கட்டளையன்று; ஆகவே அதை ஏற்று ஒருவரை அடைத்து வைத்த கவுண்டி, ஃபெடரல் அரசின் மேல் பழிபோட்டுத் தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. லீஹை கவுண்டி இழப்பீடு தந்து தன் கொள்கையையும் மாற்றிக்கொண்டது. நியூஜெர்சியும் அதே நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது. அதாவது, நம் டவுன்ஷிப் ஒருவரைத் தவறாக அடைத்து வைத்தால் அதற்கான இழப்பீட்டின் சுமை கடைசியில் நாம் கட்டும் வீட்டுவரியின் மேல்தான் விழும். இந்த மாநிலத்தின் வீட்டுவரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நியூஜெர்சியில் இதற்கென ஓர் ஆணை உண்டு. 2018 நவம்பரில், மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அன்றைய அட்டர்னி ஜெனரல் குர்பீர் கிரேவால் பிறப்பித்து, 2019 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த அந்த ஆணை, கடுமையான அல்லது வன்முறைக் குற்றம் போன்ற சில காரணங்கள் இருந்தாலொழிய டிடெய்னரின் பேரில் யாரையும் வைத்திருக்கக் கூடாது என்கிறது. அத்தகைய காரணம் இருந்தாலும் விடுதலை நாளின் இரவு 11:59 மணியைத் தாண்டக் கூடாது என்கிறது. ஓஷன், கேப் மே கவுண்டிகள் இதை எதிர்த்து வழக்காடின. 2021-ல் அதே ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையை உறுதி செய்தது.

பிறகு எதற்குக் கவலை என்று நீங்கள் கேட்கலாம். இது ஆணையாக வந்தது. ஓர் ஆணையை இன்னோர் ஆணை நீக்கிவிடும். இந்த ஆணையே அப்படி ஒன்றை நீக்கிவிட்டு வந்ததுதான். 2007-ல் அப்போதைய அட்டர்னி ஜெனரல் பிறப்பித்த ஆணை, கடுங்குற்றத்துக்காகவோ குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகவோ கைதானவர்களின் குடியேற்ற நிலையைக் காவலர்கள் விசாரிக்க வேண்டும் என்றது. அது வந்த சூழலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ஆகஸ்டில் நெவார்க் பள்ளி வளாகம் ஒன்றில் மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் ஆவணமின்றி இருந்தவர். சிறுமியிடம் பாலியல் வன்முறை செய்ததாகச் சாட்டப்பட்ட வழக்கில் ஜாமீனில் வெளியே வந்திருந்தவர். அந்தப் பெற்றோர்களின் துயரத்தை எந்த வாதத்தாலும் சிறிதாக்க நான் முயல மாட்டேன். ஆனால் அத்தகைய குற்றம் சாட்டப்பட்ட ஒருவரைப் பற்றி ஐ.சி.இ.க்குத் தகவல் தருவதை இன்றைய ஆணையும் தடுப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். நீதிபதியின் வாரண்ட் வந்தால் அதற்கு எந்த ஊரும் கட்டுப்பட்டே ஆக வேண்டும். அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

“நாம் முறையாக விசா பெற்று வந்தவர்கள், கிரீன் கார்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள், வரிசையில் நிற்காதவர்களுக்காக நாம் ஏன் பேச வேண்டும்?” என்று நம்மில் பலர் கேட்பதை அறிவேன். அந்தக் காத்திருப்பின் வலி உண்மையானது. ஆனால் நம்முடைய ‘முறையான’ நிலை எவ்வளவு மெல்லியது என்பதையும் நாமே அறிவோம். எச்-1பி வேலை போனால் நமக்கிருப்பது அதிகபட்சம் 60 நாள் அவகாசம். கைக்குழந்தையாக இங்கே வந்த பிள்ளைக்கு 21 வயது நிறைந்தால், பெற்றோரின் எச்-1பி விசாவைச் சார்ந்து கிடைத்த எச்-4 விசா முடிந்துவிடுகிறது. இங்கேயே படித்து வளர்ந்த அந்தப் பிள்ளை வேறு விசா தேடி அலைகிறது. பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோரின் தங்கும் காலம் மருத்துவமனையில் படுத்திருக்கும்போதே முடிந்துவிடுவதுண்டு. போரிலிருந்தும் அதற்குப் பிந்தைய அச்சுறுத்தல்களிலிருந்தும் தப்பி வந்து, தஞ்ச வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கும் ஈழத்தமிழர்களும் நம் பள்ளிகளுக்குத்தான் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். 2025 ஜனவரியில் கையெழுத்தான லேக்கன் ரைலி சட்டத்தின்படி, உரிய ஆவணமோ அனுமதியோ இன்றி வந்தவர் கடையில் பொருள் திருடியதாகக் கைதானாலே கட்டாயத் தடுப்புக்காவல். குற்றம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது 911-ஐ அழைக்கத் தயங்கும் பெண்களின் நிலை. கணவன் அடித்த காயம் கண்ணுக்குத் தெரிந்தால் அவரைக் காவலர் கைது செய்தே ஆக வேண்டும் என்பது நியூஜெர்சியின் குடும்ப வன்முறைச் சட்டம். அது அவளைக் காப்பாற்ற வந்த சட்டம். ஆனால் அந்த வீட்டில் அவளுடைய விசா கணவரின் விசாவையே சார்ந்திருக்கிறது. காவல்துறைக்குப் போன் செய்தால் அது ஐ.சி.இ.யில் போய் முடியும், குடும்பம் முழுதும் நாடு கடத்தப்படும் என்று நம்பிவிட்டால் அவள் அழைக்கவே மாட்டாள். அப்படிப்பட்டவர்களுக்காக, குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவுபவர்களுக்குத் தரப்படும் ‘யு’ விசா 2000-ல் உருவானது; அதற்கு விண்ணப்பிக்கக் காவல்துறை போன்ற ஓர் அமைப்பு சான்றளிக்க வேண்டும். காவல் நிலையத்தின் வாசலை மிதிக்கவே அஞ்சுபவள் அந்தச் சான்றை எப்படிக் கேட்பாள்? 1985 முதல் தெற்காசியப் பெண்களுக்காக இங்கே இயங்கிவரும் மானவி போன்ற அமைப்பின் தொலைபேசி எண்ணை நம் விழா மலர்களில் அச்சிடுவதோடு, காவல்துறை தன் கொள்கையைத் தெளிவாக எழுதி அறிவிக்கவும் நாம் கேட்க வேண்டும்.

நான் கேட்பது இதுதான். உங்கள் டவுன்ஷிப் மன்றத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு, பொதுமக்கள் பேசும் நேரத்தில், அமைப்பின் பெயரால் ஒருவரை அனுப்புங்கள். நீதிபதியின் கையெழுத்துள்ள வாரண்ட் இல்லாமல், விடுதலைக்குரிய எவரையும் டிடெய்னருக்காக ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக வைப்பதில்லை என்று ஊரே தன் சொந்த விதியாக நிறைவேற்றக் கேளுங்கள்; மாநில ஆணை நாளை மாறினாலும் அந்த விதி நிற்கும். அவ்விதியைத் தமிழிலும் மொழிபெயர்த்து வெளியிடக் கேளுங்கள். மொழிபெயர்க்க நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள், நானும் வருகிறேன். கவுண்டிச் சிறை டவுன்ஷிப்பின் பொறுப்பில் இல்லாததால், இதே கோரிக்கையைக் கவுண்டி ஆணையர்களிடமும் வைக்க வேண்டியிருக்கும். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவராக இருந்தாலும் கையெழுத்திடக்கூடிய கோரிக்கை இது. அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, என்ன முடிவெடுத்தீர்கள் என்பதை உறுப்பினர்களுக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
மிடில்செக்ஸ் கவுண்டியில் வசிக்கும் தமிழர் ஒருவர்