டோல்கேட் வசூல் கணக்கு: தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கல்பட்டு பக்கத்தில் உள்ள பரனூர் டோல்கேட்டைத் தாண்டிய சற்று நேரத்தில் போனுக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. எந்தச் சாவடி, எத்தனை மணி, எவ்வளவு பிடித்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமானது நல்ல காரியம். ரொக்கம் கைமாறிய காலத்தில் வசூல் எவ்வளவு என்பது குத்தகைக்காரர் சொன்னதுதான் கணக்கு.

அந்தக் காலத்துக் கணக்கின் லட்சணத்தைத் தணிக்கைத் துறை 2023-ல் எடுத்துச் சொன்னது. 2019 ஆகஸ்ட் தொடங்கி ஓராண்டில் பரனூரைக் கடந்த வண்டிகளில் பாதிக்கு மேல் கட்டண விலக்கு பெற்றவையாம்! அந்தச் சாலையில் தினமும் போய்வருகிற யாரால் இதை நம்ப முடியும்?

சரி, இப்போது ஒவ்வொரு வண்டிக்கும் பதிவு இருக்கிறது. அதனால் உங்களுக்குப் பெரிய லாபமும் இருக்கிறது. ஒரு சாலையில் நாளொன்றுக்கு எவ்வளவு வசூலாகும் என்று உறுதியாகக் காட்ட முடிந்தால், வரப்போகும் சுங்கத்தை வைத்து இன்றே பணம் திரட்டலாம். 2018-லேயே ஆந்திரம், குஜராத்தில் 9 நெடுஞ்சாலைகளின் 30 ஆண்டு வசூல் உரிமையை மக்குவாரி நிறுவனத்துக்கு 9,681 கோடி ரூபாய்க்குக் கொடுத்தீர்கள். சுங்க வருமானத்தில் பங்கு தந்து முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டும் முதலீட்டு அறக்கட்டளையும் 2021-ல் வந்தது. புதுச் சாலைக்குப் பணம் வேண்டும், அதனால் இந்த வழியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதலீடு செய்பவர் ஒவ்வொரு எண்ணையும் அலசிப் பார்த்துவிட்டுத்தான் பணம் போடுகிறார். முப்பது வருடம் கட்டணம் கட்டப்போகும் லாரிக்காரருக்கும் அந்த எண்கள் தெரிய வேண்டாமா?

போட்ட முதல் திரும்பிவிட்டால் கட்டணம் 40 சதவீதமாகக் குறையும் என்று 2008 சுங்கக் கட்டண விதிகளில் இருந்தது. 2023 அக்டோபரில் அதையும் திருத்தி, முழுக் கட்டணமே தொடரும் என்றாக்கிவிட்டார்கள். பராமரிப்புக்கும் அகலப்படுத்தவும் செலவாகிறது என்பீர்கள். ஆகட்டும், அந்தச் செலவைக் காட்டுங்கள்.

கேட்பது இதுதான். கட்டணப் பட்டியல் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு மின்பலகை வையுங்கள். சாலைக்கு ஆன செலவு, இதுவரை வசூலானது, போன மாதம் விலக்கு பெற்ற வண்டிகள், பராமரிப்புக்குப் போனது ஆகிய நான்கும் தமிழில் இருக்கட்டும். உங்கள் இணையதளத்தில் தேடிப் பிடித்துப் படிக்க லாரி ஓட்டுநருக்கு ஏது நேரம்? அடுத்த ஏப்ரல் 1 அன்று கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் பரனூரில் இதைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஜிஎஸ்டி சாலைப் பயணி ஒருவர்