மில்லுல வேலையான்னு டாக்டர் கேட்டாரு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹெல்மெட் போடாதவங்களுக்கு ஃபைன் போடறதப் பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்திய படிச்சேன், நல்ல விஷயம்தான், நானும் பதினாறு வருஷமா ஹெல்மெட் இல்லாம வண்டிய எடுக்கறதே இல்ல. ஆனா அந்த ஹெல்மெட்டுக்குள்ள இருக்கற ரெண்டு காதப் பத்தி யாரும் பேசி நான் பாக்கல, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க.

எனக்கு ஊரு நாகர்கோவில், மருந்து கம்பெனில ரெப். வாரத்துல நாலு நாளு தோவாளை, ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, வள்ளியூர், நாங்குநேரின்னு பாத்துக்கிட்டே திருநெல்வேலி வரைக்கும் பைக்ல போய்ட்டு வரணும், போக ஒரு எண்பது கிலோமீட்டர், வர எண்பது. ரெண்டு வருஷம் முன்னாடி ஆடி மாசம் ஒரு ராத்திரி ரூமுக்குள்ள சில்வண்டு கத்துதேன்னு எந்திரிச்சு லைட்டப் போட்டு பீரோவுக்குப் பின்னாடி எல்லாம் டார்ச் அடிச்சுத் தேடிட்டு இருந்தேன். வீட்டுக்காரி முழிச்சுக்கிட்டு "என்னத்தத் தேடுதீய"ன்னா. வண்டு கத்துதுல்லான்னேன். "ஒரு சத்தமும் இல்லியே, பேசாம படுங்க"ன்னுட்டா. வண்டு சத்தம் என் காதுக்குள்ளதான் இருந்துச்சு.

இ.என்.டி. டாக்டர்ட்ட போனா ஒரு சின்ன ரூம்ல உக்கார வச்சு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டா பட்டன அமுக்குங்கன்னாங்க. கிராஃப் வந்ததும் பாத்தா கோடு ஒழுங்கா வந்துட்டு 4000 ஹெர்ட்ஸ்கிட்ட, அதாவது கீச்சு சத்தத்துக்கிட்ட வந்ததும் பள்ளத்துல டயர் இறங்கின மாதிரி கீழ போயிட்டு, அப்புறம் லேசா ஏறுது. டாக்டர் அத பாத்த உடனே கேட்ட முதல் கேள்வி, "மில்லுல வேலையா?" இல்ல சார் ரெப், பைக்ல சுத்தற வேலைன்னேன். சத்தத்தால போற காதுக்கு இந்தக் குழிதான் அடையாளமாம். உள்காதுல நத்தை ஓடு மாதிரி இருக்கற இடத்துல நுணுக்கமான மயிர் செல்லுங்க இருக்கு, ஓவர் சத்தத்துல அது செத்துப்போனா திரும்ப முளைக்காதுன்னாரு. அதுவும் மொதல்ல போறது கீச்சு சத்தம் கேக்கற செல்லுங்கதான், அதனால ஆளு பேசறது கேக்கும், ஆனா என்ன சொன்னான்னு பிடிபடாது, 'ச'வா 'த'வான்னு குழம்பும். ஃபோன்ல டாக்டர்மாரு சொன்ன மருந்து பேர நான் ரெண்டாவது தடவ கேட்டுட்டு இருந்தது ஏன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

எல்லாரும் நினைக்கறது சைலன்சர் சத்தம், லாரி ஹார்ன் இதுதான் காதக் கெடுக்கும்னு. நெடுஞ்சாலைல அப்படி இல்ல சார். ஒரு 60, 65க்கு மேல போயிட்டா நம்ம எஞ்சின் சத்தத்தவிட காத்து ஹெல்மெட்ல மோதி சுழலற சத்தம்தான் பெருசு. 80ல போனா ஹெல்மெட்டுக்குள்ள சத்தம் 90 டெசிபல் (சத்தத்த அளக்கற கணக்கு) பக்கத்துல வந்துரும், 100ல போனா இன்னும் மேல. அமெரிக்காவுல நியோஷ்னு ஒரு அரசு நிறுவனம் சொல்ற கணக்குப்படி 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாயிரும். அப்போ 91க்கு ரெண்டு மணி நேரம், 97க்கு அரை மணி நேரம், 100க்கு வெறும் கால் மணி நேரம்!

இதுல எங்க ஊருக் காத்து வேற. முப்பந்தல்ல கரண்டு எடுக்கற காத்தாடிய சும்மாவா நட்டு வச்சிருக்கான். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க, போகும்போது காத்து முதுகுல தள்ளும், சுகமா இருக்கும், திரும்பி வரும்போது ஆரல்வாய்மொழி கணவாய்க்குள்ள இருந்து நேரா மூஞ்சிக்கு வரும். ஸ்பீடோமீட்டர் 60தான் காட்டும், எதிர்க்காத்து 40ல வந்தா ஹெல்மெட்டுக்கு அது 100ல போற மாதிரிதான். மெதுவாத்தான போறோம்னு நானும் ஏமாந்து போயிருக்கேன். இசக்கியம்மன் கோயில்கிட்ட வண்டிய நிறுத்தி கும்பிட ஹெல்மெட்ட கழட்டினா மணி சத்தம் பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி கேக்கும். அது காது கொடுக்கற வார்னிங், எனக்குத் தெரியல அப்போ.

விலை கூடின ஹெல்மெட் வாங்கினா சத்தம் வராதுன்னு கடைக்காரன் சொல்வான், நம்பாதீங்க. உள்ள இருக்கற தெர்மாகோல் அடிய தாங்கறதுக்கு, சத்தத்தத் தடுக்கறதுக்கு இல்ல. ஃபுல் ஃபேஸ் கொஞ்சம் தேவல, கன்னத்துல இறுக்கமா உக்காரணும், வைசர முழுசா மூடணும். காத்து பெரும்பாலும் உள்ள வர்றது தாடைக்குக் கீழ, கழுத்துப் பக்கம் இருக்கற இடைவெளி வழியாத்தான். நான் ஒரு காட்டன் துணிய கழுத்தச் சுத்தி நுனிய சட்டைக்குள்ள சொருகிக்குவேன், வித்தியாசம் நல்லாவே தெரியும் (நுனிய பறக்க விட்றாதீங்க, சக்கரத்துல மாட்டினா கதை முடிஞ்சிரும்). கூட வேலை பாக்கற தம்பி ஒருத்தன் பைக்குக்குப் பெரிய விண்ட்ஷீல்டு மாட்டினான், சத்தம் குறையும்னு பாத்தா கூடிப்போச்சு, ஏன்னா அதோட மேல் விளிம்புல கலங்கின காத்து நேரா அவன் தலைலதான் வந்து அடிக்குது.

கடைசில என்னக் காப்பாத்தினது பேக்டரில போடற ஆரஞ்சு கலர் ஸ்பாஞ்ச் இயர்பிளக்தான், ஒரு டீ வடை காசு. அதையும் சும்மா சொருகினா பிரயோஜனம் இல்ல, விரல்ல உருட்டி ஊசி மாதிரி ஆக்கி, இன்னொரு கைய தலைக்குப் பின்னாடி கொண்டுவந்து காத மேல இழுத்துப் பிடிச்சு, உள்ள விட்டு, அது உப்பற வரைக்கும் அரை நிமிஷம் அமுக்கிப் பிடிக்கணும். பாக்கெட்ல 30 டெசிபல் குறைக்கும்னு போட்டிருந்தாலும் நாம போடற லட்சணத்துக்கு 15, 20 கிடைச்சா போதும். ஹார்ன் கேக்காதேன்னு எல்லாரும் கேக்கறாங்க. கேக்கும், காத்து இரைச்சல் அடங்கறதால எனக்கு இப்போதான் ஹார்ன் தெளிவாவே கேக்குது. ப்ளூடூத்த காதுல மாட்டி காத்துக்கு மேல பாட்டு கேக்கணும்னு வால்யூம ஏத்தறாங்களே பசங்க, அவங்கள நினைச்சாத்தான் பயமா இருக்கு.

இப்போ விஷயத்துக்கு வரேன். போன மாசம் ஒரு செக்கிங்ல போலீஸ்காரர் என்ன நிறுத்தி ஹெட்செட் போட்டுட்டு ஓட்டறியான்னு சத்தம் போட்டாரு. ஸ்பாஞ்ச எடுத்துக் கைல குடுத்தேன், திருப்பித் திருப்பிப் பாத்தாரு, வயர தேடினாரு பாவம், அப்புறம் சிரிச்சிட்டு போகச் சொல்லிட்டாரு. எல்லாரும் அப்படி விடுவாங்களா தெரியாது, அதனால இயர்பிளக் வேற இயர்போன் வேறன்னு டிராபிக் போலீசுக்கு ஒரு சர்க்குலர் போட்டா நல்லது. பேக்டரில 90 டெசிபல்னா எட்டு மணி நேரம்தான்னு சட்டம் இருக்கு, ரோட்டையே பேக்டரியா வச்சிருக்கற ரெப்புக்கும் டெலிவரி பசங்களுக்கும் எந்தக் கணக்கும் இல்ல. எங்க கம்பெனில பெட்ரோல் பில் ஒரு ரூபா கூடினாலும் மெயில் வருது, இயர்பிளக் கேட்டேன், அதுக்கு செலவுக் கணக்குல இடம் இல்லைன்னுட்டாங்க. ஜனவரில சாலைப் பாதுகாப்புன்னு டோல்கேட் பக்கத்துல பந்தல் போட்டு கண் டெஸ்ட் பண்றாங்கல்லா, அதே பந்தல்ல காது டெஸ்டுக்கும் ஒரு மேசை போடச் சொல்லி உங்க பேப்பர்ல எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு மருந்து ரெப்,
நாகர்கோவில்