கம்பி திரித்த குடும்பம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கண் அறுவை முடிந்து எழுதியது என்று நீ சொல்லாமலே தெரிந்துவிட்டது; நெல்மணி மாதிரி இருந்த உன் எழுத்து இப்போது நெல்லிக்காய் மாதிரி உருள்கிறது. சொட்டு மருந்தை விட்டுவிடாதே. எனக்கு இங்கே முழங்கால்தான் பிரச்சினை, மற்றபடி சௌக்கியம். பேத்தி தமிழில் திட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள், அது ஒரு முன்னேற்றம்.

வம்சாவளி எழுத ஆரம்பித்ததையும், தாத்தாவின் பிரம்பை அதில் சேர்க்கக் கூடாது என்று உன் தம்பி சண்டைக்கு வருவதையும் எழுதியிருந்தாய். "பெரியவர் பேரைக் கெடுக்காதே" என்கிறானாம். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் என்னை ஓர் ஊருக்கு அழைத்துப் போனாள். அங்கே போய்வந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஊரின் பெயர் ரோப்ளிங். நியூ ஜெர்சியில் ட்ரென்டனுக்குத் தெற்கே, டெலவேர் ஆற்றங்கரையில் இருக்கிறது. கம்பி ஆலைக்காக 1905 வாக்கில் அந்தக் குடும்பமே கட்டிய ஊர். ஆலை போய்விட்டது. அதன் வாசல் கட்டடம் மட்டும் அருங்காட்சியகமாக நிற்கிறது. பெயரைக் கேட்டதும் உனக்கும் பொறி தட்டியிருக்கும். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த ரோப்ளிங்கேதான். நாம் படித்தபோது அவர் பாடப்புத்தகத்தில் ஒரு பெயர், அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது என்று அப்போது யோசித்தோமா?

யோஹான் ஆகுஸ்ட் ரோப்ளிங் 1806இல் ஜெர்மனியின் துரிங்கியாவில் ம்யூல்ஹவுசன் என்ற மதில் சூழ்ந்த பழைய ஊரில் பிறந்தார். அப்பாவுக்குப் புகையிலைக் கடை. அம்மாதான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவரை பெர்லின் வரை அனுப்பிப் பொறியியல் படிக்கவைத்தாள். படித்து முடித்து அரசாங்கத்தில் சாலை போடும் வேலை. ஒரு கல்லை நகர்த்தவும் மேலிடத்துக் கையெழுத்து வேண்டும் என்ற நிலை. பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் கழித்த நம் இருவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நாம் பொறுத்துக்கொண்டோம், அவர் 1831இல் சகோதரர் கார்லைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார்.

பென்சில்வேனியாவின் மேற்குப் பக்கம் ஆயிரத்து ஐந்நூறு ஏக்கருக்கு மேல் வாங்கி, சாக்சன்பர்க் என்று ஜெர்மன்காரர்களுக்காக ஒரு கிராமத்தையே உண்டாக்கினார்கள். யோஹான் ஜான் ஆனார், ஊர்த் தையற்காரரின் மகள் யோஹன்னாவைக் கட்டிக்கொண்டார். விவசாயம் மட்டும் கைவரவில்லை. 1837இல் கார்ல் வெயிலின் கொடுமையால் இறந்தார். அதே வருடம் ஜானுக்கு மூத்த மகன் பிறந்தான். பிள்ளைக்கு வைத்த பெயர் வாஷிங்டன்! வீட்டில் பேச்சு ஜெர்மன், பிள்ளையின் பெயர் மட்டும் பக்கா அமெரிக்கா. இங்கே நம்மவர்கள் வைக்கும் பெயர்களைக் கேலி செய்வதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஜான் கால்வாய் வேலைக்குப் போனார். அங்கேதான் எனக்குப் பிடித்த கட்டம். அலெகெனி மலைக்கு மேலே கால்வாய் போக முடியாது அல்லவா? அதனால் படகுகளைத் தண்டவாள வண்டியில் ஏற்றி, பத்துச் சரிவுகளில் வடம் கட்டி இழுத்து மலை தாண்டவைத்தார்கள். 36 மைல் தூரம். தேர் இழுப்பது மாதிரிதான், ஆனால் இழுப்பது நீராவி எஞ்சின். வடம் சணல். அது நைந்து அறுந்தால் வண்டி, படகு எல்லாம் கீழே. ஜெர்மன் பத்திரிகை ஒன்றில் கம்பி வடத்தைப் பற்றிப் படித்த நினைவில், 1841இல் சாக்சன்பர்க்கில் தன் வீட்டுப் பக்கத்துப் புல்வெளியில் இரும்புக் கம்பியை நீட்டிப்போட்டு, ஊர்க்காரர்களை வைத்துக் கையாலேயே திரிக்கவைத்தார். அந்தப் புல்வெளியில் தொடங்கியதுதான் எல்லாம். 1849இல் தொழில் ட்ரென்டனுக்கு வந்தது. 1855இல் நயாகராவின் மேல் ரயில் போகும் தொங்குபாலம். பிறகு சின்சினாட்டியில் 1,057 அடி இடைவெளியில் ஒன்று.

சரி, இனி நீ கேட்ட விஷயம். வாஷிங்டன் வயதான காலத்தில் அப்பாவைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அது புத்தகமாக அச்சேறியது 2009இல்தான். ஊரே கும்பிட்ட மனிதர் வீட்டில் பிள்ளைகளை எப்படி அடித்தார், சாப்பாட்டிலும் குளிர்ந்த நீர் வைத்தியத்திலும் எப்படி வதைத்தார் என்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறார். பாலம் கட்டும் வேலை அப்பாவை நெடுநாள் வெளியூரில் வைத்திருந்தது நல்லதாயிற்று, இல்லையென்றால் பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்திருப்போம் என்கிற பொருளில் ஓரிடம் வருகிறது. அதைப் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் அதே மகன்தான், அதே கையெழுத்தில், அப்பாவின் கணக்கையும் துணிச்சலையும் வியந்து பக்கம் பக்கமாக எழுதுகிறார். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்கவில்லை. உன் தம்பிக்கு இதைப் படித்துக்காட்டு.

1869இல் புரூக்ளின் படகுத்துறையில் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது படகு மோதி ஜானின் கால் நசுங்கியது. விரல்களை எடுத்த பிறகு டாக்டர்களை ஒதுக்கிவிட்டுத் தன் நீர் வைத்தியத்தையே நம்பினார். நான்கு வாரத்துக்குள் டெட்டனஸ் வந்து தாடை இறுகி, மகன் வீட்டிலேயே செத்தார். பிள்ளைகள்மேல் ஏவிய அதே பிடிவாதம் கடைசியில் அவரையே கொண்டுபோனது. இதை மகன் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாலம் 32 வயது வாஷிங்டனின் தலையில் விழுந்தது. அஸ்திவாரம் தோண்ட ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிக்குள் இறங்கி இறங்கி 1872இல் அவரே நோயில் படுத்தார். அதன் பிறகு வீட்டு ஜன்னலில் இருந்து தொலைநோக்கியில் பார்ப்பதுதான் மேற்பார்வை. களத்துக்குப் போய்வந்தது மனைவி எமிலி. இதற்கு நடுவில் கம்பி கொடுத்த ஒப்பந்தக்காரர் மட்டக் கம்பியைக் கலந்துவிட்டார். ஏறிவிட்ட கம்பியைப் பிரித்தெடுக்க முடியாது என்பதால் ஒவ்வொரு வடத்திலும் 150 கம்பி கூடுதலாகச் சேர்த்தார்கள். 1883 மே 24இல் பாலம் திறந்தது.

இன்னொன்று. ஆற்றடிப் பெட்டிகளைப் பற்றிப் படிக்க வாஷிங்டனும் எமிலியும் ஐரோப்பா போனபோது, 1867இல் அவர்களுக்கு மகன் பிறந்தது அந்த ம்யூல்ஹவுசனில்தான். பெயர் ஜான் ஆகஸ்டஸ். அடித்த அப்பாவின் பெயரையே வைத்திருக்கிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது.

வாஷிங்டன் 1926 வரை, 89 வயது வரை இருந்தார். நான் 1869இலேயே செத்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வாராம். பாலத்தைக் கட்டியது அப்பா என்றுதான் ஊர் பேசியது.

உன் தம்பியிடம் இப்போதே சொல்லிவிடு. 1974 பொங்கல் விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்தப் பிரம்பை நானும் பார்த்திருக்கிறேன். கூடத்து நிலைப்படிக்கு மேலே, பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் செருகியிருந்தது. அதே தாத்தாதான் மறுநாள் எனக்கென்று கரும்பு வெட்டிக் கொடுத்தார். இரண்டையும் நீ எழுதாவிட்டால் நான் எழுதி அனுப்புவேன்.

சொட்டு மருந்து, மறக்காதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்