ஏத்தத்த பத்தி எழுதுறீங்க, இறக்கத்த பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல ரெண்டு பேர் சைக்கிள்லயே மலை ஏறின கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். ரொம்ப நல்லா இருந்துச்சு, மூச்சு வாங்கினது, தொடை நடுங்கினது, மேல போய் நின்னு தான் வந்த ரோடு கீழ பாம்பு மாதிரி வளைஞ்சு கிடக்குறத பாத்தது எல்லாமே கண்ணு முன்னாடி வந்துச்சு. ஆனா உச்சிக்கு போனதோட கதை முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் ஜாலியா இறங்கி வந்தோம்னு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர் எழுதுறேன்.

நானும் என் நண்பனும் இதே மாதிரி ஒரு மலை ரோட்டுல அஞ்சு நாள் சைக்கிள்ல போனோம். கிளம்புறதுக்கு முன்னாடி மூணு மாசம் தயாரானோம், அந்த மூணு மாசமும் ஏறுறதுக்கு மட்டும்தான் தயாரானோம், எந்த கியர்ல ஏறணும், எவ்ளோ தண்ணி வேணும், எங்க நின்னு மூச்சு விடணும்னு எல்லாத்தையும் பேசி வச்சோம். எறங்குறத பத்தி ஒரு வார்த்தை பேசல. அது தானா நடக்கும்னு நினைச்சோம்.

ஏத்தத்துல எங்களுக்கு ஒரு பிரச்சனையும் வரல. அவன் என்ன விட நல்லா மிதிப்பான், இருந்தாலும் என் வேகத்துக்குத்தான் வந்தான். பேசிக்கிட்டே மிதிக்க முடியுதா, அதுதான் சரியான வேகம், பேச்சு நின்னு போச்சுன்னா கியர குறைச்சுக்கோன்னு அவன்தான் சொல்லிக் குடுத்தான். அப்படியே மணிக்கு 6, 7 கிலோமீட்டர்ல பேசிட்டே ஏறினோம். அந்த வேகத்துல விழுந்தாலும் முட்டி சிராய்க்கும், அவ்ளோதான்.

மூணாவது நாள் மதியம் ஒரு கணவாய தாண்டி எறங்க ஆரம்பிச்சோம். ஒரே மூச்சுல ஆயிரம் மீட்டருக்கு மேல இறக்கம், ஹேர்பின் பெண்டு ஒண்ணு முடியுறதுக்குள்ள அடுத்தது வந்துரும். ரெண்டு பேருமே பயந்துகிட்டு, மெதுவா போனா பாதுகாப்புதானேன்னு பிரேக் லிவர்ல இருந்து விரல எடுக்கவே இல்ல. கொஞ்ச நேரத்துல ரப்பர் கருகுற மாதிரி ஒரு வாசம் வந்துச்சு, பின்னாடி ஏதோ லாரி வருது போலன்னு நினைச்சேன். லாரி எதுவும் வரல. சக்கரத்தோட விளிம்ப புடிக்கிற எங்க பிரேக் பேடோட (ரப்பர் கட்டை) வாசம்தான் அது. அது புரியுறதுக்குள்ள எனக்கு முன்னாடி 20 மீட்டர்ல போயிட்டிருந்த அவனோட முன் சக்கரம் டப்புனு வெடிச்சுது, ஹேண்டில்பார் ஒரு இழு இழுத்துச்சு, மலைப் பக்கமா சாஞ்சு விழுந்து ஓடைக்குள்ள போயிட்டான். மலைப் பக்கமா விழுந்தான். பள்ளத்துப் பக்கம் விழுந்திருந்தா இந்த லெட்டர நான் எழுதியிருக்க மாட்டேன்.

முழங்கையில நல்ல அடி, ஹெல்மெட்டு பக்கவாட்டுல விரிசல் விட்டிருந்துச்சு, தலைக்கு ஒண்ணும் ஆகல. அவன உக்கார வச்சுட்டு பாட்டில்ல இருந்து அந்த ரிம் மேல, அதாவது டயர் உக்காந்திருக்கிற சக்கரத்தோட உலோக வளையம் மேல, ரெண்டு சொட்டு தண்ணி விட்டேன். தோசைக்கல்லு மாதிரி சுர்ருனு சத்தம் வந்து ஆவியா போச்சு. அந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

எப்படி இவ்ளோ சூடு வந்துச்சுன்னு பின்னாடி உக்காந்து கணக்கு போட்டு பாத்தேன். ஆளு, சைக்கிள், மூட்டை எல்லாம் சேத்து 100 கிலோன்னு வைங்க, 1000 மீட்டர் எறங்கினா கிட்டத்தட்ட 10 லட்சம் ஜூல் சக்தி எங்கயாச்சும் போயாகணும். அறை சூட்டுல இருக்குற 3 லிட்டர் தண்ணிய கொதிக்க வைக்க இது போதும். ஒரு பங்கு காத்த கிழிச்சிட்டு போறதுலயே செலவாகிடும், மிச்சம் மொத்தமும் பிரேக் வழியா ரிம்முக்குத்தான் போகுது. ரிம் காஞ்சா டியூப்புக்குள்ள இருக்குற காத்து விரியும், டயரும் ரிம்ம விட்டு விலக ஆரம்பிக்கும், பழைய பஞ்சர் ஒட்டு இருந்தா அது இளகிப் போயிரும். நாங்க பண்ணின தப்பு ரெண்டுங்கெட்டான் வேகத்துல பிரேக்க விடாம உரசிக்கிட்டே வந்ததுதான், ரிம்மு ஆற ஒரு நொடி கூட நாங்க குடுக்கல.

இது பழகாதவங்களுக்கு மட்டும் வர்ற ஆபத்துன்னு யாரும் நினைச்சிறக் கூடாது. உலகத்துலயே சைக்கிள் நல்லா ஓட்டுறவங்க போற டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில 1935ல பிரான்சிஸ்கோ செபேடா கலிபியே கணவாய்ல எறங்குறப்போ விழுந்து இறந்து போனாரு. 1995ல இத்தாலிக்காரர் ஃபாபியோ கசார்டெல்லி, 24 வயசு, அவரும் இறக்கத்துலதான். 2023 ஜூன்ல சுவிட்சர்லாந்துல நடந்த போட்டியில ஜினோ மேடர்னு 26 வயசு பையன் அல்புலா கணவாய்ல எறங்கும்போது பள்ளத்துல விழுந்து மறுநாள் போயிட்டாரு. மணிக்கு 7 கிலோமீட்டர்ல ஏறினவன் 49ல எறங்கினா வேகம் 7 மடங்குதான், ஆனா மோதுற சக்தி 49 மடங்கு. இத எந்த பயணக் கட்டுரையிலயும் நான் பாத்ததே இல்ல.

மிச்சம் ரெண்டு நாளும் நாங்க வேற மாதிரி எறங்கினோம். நேர் ரோட்டுல பிரேக்க மொத்தமா விட்டுட்டு நல்லா நிமிந்து உக்காந்துகிட்டோம், அப்போ நெஞ்சுல அடிக்கிற காத்தே பாதி வேகத்த புடிச்சுக்கும், பெண்டுக்கு முன்னாடி மட்டும் ரெண்டு பிரேக்கையும் சேத்து அழுத்தமா புடிச்சு வேகத்த குறைச்சிட்டு உடனே விட்டுருவோம், வளைவுக்குள்ள போயி பிரேக் போடுறதே இல்ல. வெளிப்பக்கத்து பெடல் கீழ இருக்கணும், கண்ணு வளைவு முடியுற இடத்த பாக்கணும், முன் சக்கரத்த பாக்கக் கூடாது. 10 நிமிஷத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி ரிம்ம ஆற விட்டோம். டிஸ்க் பிரேக் (ரிம்ம விட்டுட்டு சக்கரத்து நடுவுல இருக்குற தட்ட புடிக்கிற பிரேக்) வச்சிருக்கவங்க தப்பிச்சோம்னு இருக்க வேணாம், டயர் வெடிக்காதே தவிர அந்த டிஸ்க்கும் பேடும் காஞ்சு போனா அதுவும் புடிக்காது. தினமும் காலையில பேட கழட்டி பாத்தோம், அதுல பொடி கல்லும் அலுமினியத் துணுக்கும் குத்திக்கிட்டு இருக்கும், ஒரு ஊசிய வச்சு நோண்டி எடுத்துட்டா போதும். அஞ்சு நிமிஷ வேலை.

நண்பனோட போறவங்களுக்கு இன்னொண்ணு. ஏறும்போது பக்கத்துல பக்கத்துல போகலாம், எறங்கும்போது அந்த சிநேகம் வேண்டாம். நல்லா இடைவெளி விட்டு ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் போங்க. எங்க நிக்கிறதுன்னு மேலயே பேசிட்டு கிளம்புங்க, ஏன்னா அந்த காத்துச் சத்தத்துல டேய் நில்லுடான்னு தொண்டை கிழிய கத்தினாலும் முன்னாடி போறவனுக்கு கேக்காது. நான் அன்னைக்கு கத்திப் பாத்தவன், அதனால சொல்றேன்.

ரோடு போடுறவங்க கிட்டயும் உங்க பேப்பர் மூலமா ஒண்ணு கேக்கணும். நிறைய மலை ரோட்டுல பிரேக் புடிக்காம வர்ற லாரி ஏறி நிக்க சரளை கொட்டின ஒரு மேட்டுப் பாதை வச்சிருக்காங்க, நல்ல விஷயம். சைக்கிளுக்கு அவ்ளோ பெரிசா வேணாம், இறங்குற பக்கத்துல ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு ஒரு இடத்துல ரோட்ட விட்டு ஒதுங்கி நிக்கிற மாதிரி நாலடி தரை இருந்தா போதும். எங்களுக்கு நின்னு ஆற விடணும்னு தோணின நேரத்துல எல்லாம் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளமா இருந்துச்சு.

குளிர பத்தி சொல்லாம முடிக்க முடியாது. 1000 மீட்டர் ஏறினா சுமாரா 6.5 டிகிரி குறையும், மேல நிக்கும்போது உடம்பெல்லாம் வேர்வை வேற, அப்படியே எறங்கினா எதிர்க்காத்துல பத்து நிமிஷத்துல விரல் மரத்துரும், மரத்த விரலால லிவர எவ்ளோ அழுத்துறோம்னே தெரியாது. கிளவுஸ், ஜாக்கெட்டு எல்லாத்தையும் உச்சியிலயே போட்டுக்கணும், குளிர ஆரம்பிச்ச பிறகு போடலாம்னா நேரம் கடந்துரும்.

கடைசி நாள் உச்சியில அவனோட ஜாக்கெட்ட பாத்தோம், விழுந்ததுல நெஞ்சுப் பக்கம் கிழிஞ்சு தொங்குது. பையில ஈரம் படாம இருக்க துணிக்கு நடுவுல வச்சிருந்த உங்க பேப்பரோட பழைய ஞாயிறு இணைப்ப எடுத்து ரெண்டா மடிச்சு ஜெர்சிக்குள்ள நெஞ்சோட சேத்து வச்சுக்கிட்டான். பழைய காலத்து ரேஸ்காரங்க எல்லாம் மலை உச்சியில இதத்தான் பண்ணுவாங்க, ரோட்டோரம் நிக்கிற ஜனங்க பேப்பர நீட்டுவாங்களாம், வாங்கி உள்ள சொருகிட்டு எறங்குவாங்க. நாலு இடத்துல நின்னு நின்னு எறங்கினோம். கீழ வந்து வெளிய எடுத்தப்போ வேர்வையில நனைஞ்சு மை எல்லாம் பனியன்ல ஒட்டியிருந்துச்சு, அவன் அத தூக்கிப் போடல, கேரியர் மேல விரிச்சு காய வச்சு, திரும்ப மடிச்சு பையில வச்சுக்கிட்டான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்