பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாயி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறாள். தம்பிக்குத் திருப்பூரிலேயே வேலை நிரந்தரமாகிவிட்டது, மீதியை அவனே சொல்வான்.

வீடியோவில் வந்தால் கேமராவைக் குழந்தை பக்கம் திருப்பிவிடுகிறாய். பேத்தியைப் பார்க்கச் சந்தோஷம்தான். உன் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? கேட்டால் "நல்லா இருக்கேன்பா, தூக்கம்தான் இல்ல" என்கிறாய். அந்தத் தூக்கத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் கேட்க எனக்கு நா எழவில்லை. எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அம்மா அங்கிருந்து வந்ததும் சொன்னாள். குழந்தை அசந்து தூங்கும்போதும் நீ கண் மூடுவதில்லையாம். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தபடியே இருக்கிறாயாம். வேறு யாராவது வளர்த்தால் இது நன்றாயிருக்கும் என்று சொன்னாயாம். அம்மா திருஷ்டி சுற்றிப்போட்டுவிட்டு வந்தாள். எனக்கு மனசு ஆறவில்லை. சுகர் மாத்திரைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

பிரசவமான மூன்று நாலு நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, இரண்டு வாரத்தில் அடங்கிவிடும் என்றார். அதைத் தாண்டியும் நின்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். அழுகையாகத்தான் வரும் என்பதில்லையாம். படபடப்பு, எரிச்சல், பசியின்மை, தப்பெல்லாம் தன் மேல்தான் என்ற நினைப்பு, இப்படியும் வரும். யாருக்கு வர வாய்ப்பு அதிகம் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கை நடுங்கியது. முன்பு மனச்சோர்வு வந்தவர்கள், கரு கலைந்தவர்கள், குறைமாதத்தில் பெற்றுக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தவர்கள், தைராய்டு உள்ளவர்கள், ஒத்தாசைக்கு ஆள் இல்லாதவர்கள். கல்லூரி இரண்டாம் வருஷம் நீ சோர்ந்து கிடந்ததை நான் மறக்கவில்லை. பெண்ணாகப் பிறந்துவிட்டதே என்று அங்கே முகம் சுளித்ததையும் மறக்கவில்லை, யார் என்று எழுத மாட்டேன்.

அப்புறம், குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும் கவனம் வேண்டுமாம். சின்ன அத்தை விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். இரண்டாவது பிரசவத்துக்கு இங்கே வந்தவள், பத்து நாளைக்குள் தூக்கமே போய், இது என் பிள்ளை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்றாள். யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்றாள். மந்திரித்தார்கள், குணசீலம் கோயிலில் வைத்திருந்தார்கள். கடைசியில் திருச்சியில் மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையில்தான் தேறினாள். உன் வளைகாப்பில் அத்தனை பேரையும் வேலை வாங்கியவள் அவள்தானே. அவளுக்கு வந்தது ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வருவது, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதது. உனக்கு அதுதான் என்று சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் கல்யாணம் தடைபடும் என்று அப்பாயி அன்று யாரையும் வாய் திறக்க விடவில்லை. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டு.

ஆபீசில் அவ்வளவு பேரை வைத்து வேலை வாங்குகிறாய் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறேன். எதற்கும் யாரிடமும் போய் நின்றதில்லை நீ. அதில் எனக்குக் கர்வம் உண்டு. அதற்காகப் பெற்றவனிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பாயா?

டாக்டரம்மா பத்துக் கேள்வி உள்ள தாள் ஒன்று கொடுத்தார். எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987-ல் வந்ததாம், தமிழிலும் இருக்கிறது. போன ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் உன்னையே நொந்துகொண்டாயா என்று கேட்கும். அதையும் அனுப்புகிறேன். பத்தாவது கேள்வியை மட்டும் நானே கேட்கிறேன், பாப்பா. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? அதோடு, குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயம் வருகிறதா? வந்தால் சொல். நினைப்பு வந்ததாலேயே நீ கெட்ட தாய் ஆகிவிட மாட்டாய். ஆமாம் என்றால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பால் கொடுக்கிறேனே, மாத்திரை எப்படி என்று தள்ளிப்போடாதே. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைப் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் கொடுக்கிறார்கள், பாலில் போவது ரொம்பக் குறைவு. தைராய்டையும் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடு. உங்கள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் தாயையும் சேயையும் பிரிக்காமல் வைத்துப் பார்க்கும் வார்டே இருக்கிறது, 2009-லிருந்து. ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள்.

வியாழக்கிழமை மைசூர் எக்ஸ்பிரஸில் அம்மா கிளம்புகிறாள். அப்பாயியை நான் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரிக் குழந்தையை அம்மாவும் மாப்பிள்ளையும் மாற்றி மாற்றிப் பார்க்கட்டும். நீ பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுத் தூங்கு. வேளைக்குச் சாப்பிடு. தூங்கு.

வேறெதற்கும் பதில் வேண்டாம், பத்தாவது கேள்விக்கு மட்டும் இன்றைக்கே சொல். எழுத முடியாவிட்டால் போன் செய். எந்நேரமானாலும் எடுப்பேன்.

அப்பா