ரம்மிக்கு ஆள் கிடைக்காத அப்பாவுக்கு

சார்செல், பாரிஸ் அருகில்
டிசம்பர் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? போன ஞாயிறு போனில், "மாடியை விட்டு இறங்க முடியல, ரம்மிக்கும் ஒருத்தனும் ஏறி வரமாட்டேங்கிறான்" என்று அலுத்துக்கொண்டீர்களே, அது மனதிலேயே நிற்கிறது. அதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது: ஒற்றை ஆளாகவே ஆடக்கூடிய ஒரு சீட்டாட்டம். போனில் சொன்னால் பாதியில் அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே குளிர்காலம் வந்துவிட்டது. காலை எட்டரைக்கு மேல்தான் வெளிச்சம் வருகிறது, மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது அங்கே உங்களுக்கு இரவு ஒன்பதரை. மாத்திரை போட்டுப் படுத்திருப்பீர்கள், எழுப்ப மனசு வராது. உங்கள் மாப்பிள்ளைக்கு இந்த மாதம் முழுக்க இரவு வேலை. புதுச்சேரியில் நம் முத்தியால்பேட்டையில் அந்த நேரத்துக்குத் தெருவே வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். இங்கே கதவைச் சாத்தினால் சாத்தியதுதான்.

ஒருநாள் லிஃப்ட் ஓடவில்லை. மேல் மாடியில் தனியாக இருக்கும் ஒரு மதாமுக்குக் கடைப் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். சர்க்கரை இல்லாத கசாயம், அதை விடுங்கள். மேசை மேல் சீட்டு பரப்பி வைத்திருந்தார். எதிரில் நாற்காலி காலி. யாரோடு ஆடுகிறீர்கள் என்று கேட்டேன், சிரித்தார். ஒற்றை ஆள் ஆடும் ஆட்டத்துக்கு இவர்கள் 'ரேயுசித்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வெற்றி என்று அர்த்தம். மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு ஆடுவார்களாம், சீட்டு முழுக்கக் காலியானால் நினைத்தது நடக்குமாம். நம் ஊரில் சாமிக்குப் பூப் போட்டுப் பார்க்கிற மாதிரிதான். மதாம் ஆடியதற்கு 'மோந்த் கார்லோ' என்று பேர். சூதாட்டத்துக்குப் பேர் போன ஊரின் பெயர் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். இதில் காசே கிடையாது.

ஆசையாக நானும் ஒரு கட்டு வாங்கி வந்தேன். பிரித்துப் பார்த்தால் 32 சீட்டுதான். ரெண்டு, மூணு, ஆறு எதுவும் இல்லை, ஏழிலிருந்துதான் ஆரம்பம். ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்துப் போய் மதாமிடம் காட்டினால், விழுந்து விழுந்து சிரிக்கிறார். பெலோத் என்கிற சீட்டாட்டம் ஆட இங்கே 32 சீட்டுக் கட்டைத் தனியாக விற்பார்களாம். உங்களுக்கு 52 சீட்டுக் கட்டு ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன், ஜோக்கரை எடுத்துவிடுங்கள். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தபோது கொண்டு வந்த கட்டு ஞாபகம் இருக்கிறதா? அதே மாதிரிதான். கே, க்யூ, ஜே இருக்காது. ராஜாவுக்கு எர் (R), ராணிக்கு தே (D), ஜாக்கிக்கு வே (V). ஆஸில் ஏ-க்குப் பதில் 1 போட்டிருக்கும். படச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் பேர் கூட உண்டு: இஸ்பேடு ராஜா தாவீது, கிளாவர் ராஜா அலெக்சாண்டர், டைமன் ராஜா சீசர், ஆட்டின் ராஜா சார்ல்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். கட்டை நன்றாகக் கலைத்து, 25 சீட்டை முகம் தெரியப் பரப்புங்கள். அம்மா போடும் நேர்ப்புள்ளிக் கோலம் மாதிரி, வரிசைக்கு 5, மொத்தம் 5 வரிசை. மீதி 27 கையில் கவிழ்ந்து இருக்கட்டும். இப்போது ஒன்றையொன்று தொடும் இரண்டு சீட்டு ஒரே எண்ணாக இருந்தால் எடுத்துவிடலாம். பக்கத்தில், மேல்கீழ், மூலைக்கு மூலை, எப்படித் தொட்டாலும் சரி. ராணியோடு ராணி, நாலோடு நாலு. இஸ்பேடா ஆட்டினா என்று பார்க்க வேண்டாம்.

எடுத்த இடம் ஓட்டையாகும் அல்லவா? மிச்சச் சீட்டுகளை வரிசை குலையாமல் இடப்பக்கம் நெருக்குங்கள். கீழ் வரிசையின் முதல் சீட்டு மேல் வரிசையின் கடைசிக்கு ஏறும். ரேஷன் கடையில் நடுவில் இருவர் போய்விட்டால் பின்னால் நிற்பவர்கள் நகர்ந்து வருவார்களே, அப்படித்தான். பிறகு கடைசியில் காலியான இடத்துக்குக் கையிலிருந்து புதுச் சீட்டு. மறுபடி ஜோடி தேடுங்கள். 52-ம் போய்விட்டால் ஜெயம். ஜோடியே அகப்படவில்லை என்றால் தோல்வி.

சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து, கண்ணில் பட்ட ஜோடியை எல்லாம் எடுத்து ஒரு வாரம் தோற்றேன். மதாம் அப்படியில்லை, ஒரு ஜோடியை எடுக்கும் முன் ரொம்ப நேரம் யோசிப்பார். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. மில்லில் கணக்கு எழுதியவர் நீங்கள், உங்களுக்கு இது பிடிக்கும். இடங்களுக்கு 1 முதல் 25 வரை எண் கொடுத்துக்கொள்ளுங்கள். 3-ம் இடத்தில் ஒரு எட்டு, 10-ம் இடத்தில் இன்னொரு எட்டு இருக்கிறது என்று வையுங்கள். இரண்டும் தொடவில்லை. ஆனால் 7-லும் 12-லும் அஞ்சு இருந்தால், அந்த ஜோடியை எடுத்ததும் 10-ல் இருந்த எட்டு 9-க்கு நகர்ந்து 3-ஐக் குறுக்கே தொட்டுவிடும். ஆக, எந்த ஜோடியை எடுத்தால் எது நகர்ந்து எதன் பக்கத்தில் வந்து உட்காரும் என்பதுதான் ஆட்டமே. மூன்று ராணி ஒன்றையொன்று தொட்டு நின்றால் எந்த இரண்டை எடுப்பது என்பதும் உங்கள் கையில்தான். முதல் பரப்பில் ஒன்றையொன்று தொடும் இடங்களை இரண்டிரண்டாக எண்ணினால் 72 வரும். அப்படித் தொடும் இரண்டு இடத்தில் ஒரே எண் அமைய 17-ல் ஒரு வாய்ப்பு. அப்படியானால் ஆரம்பத்தில் சராசரியாக நாலு ஜோடி கண்ணில் படும். சரியா என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

கடைசி நாலு சீட்டுதான் உயிரை வாங்கும். 7, 9, 9, 7 என்று நின்றால் நடுவில் உள்ள ஒன்பதுகள் போனதும் ஏழு இரண்டும் சேர்ந்துவிடும், ஜெயம். அதே நாலும் 7, 9, 7, 9 என்று நின்றால் அவ்வளவுதான், ஒன்றும் செய்ய முடியாது. நேற்று எனக்கு அப்படித்தான் ஆனது. மதாம் கையைத் தட்டிக்கொண்டு இன்னொரு காப்பி போடப் போய்விட்டார்.

கூட்டி 13 வரும் ஜோடிகளை எடுக்கிற 'பிரமிடு' என்று இன்னொன்று இருக்கிறது, 28 சீட்டை 7 வரிசையாக அடுக்குவது. ராஜாவே 13 என்பதால் அவருக்கு ஜோடி வேண்டாம், தனியாகவே போய்விடுவார். அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ஆடும்போது மின்விசிறியை அணைத்துவிடுங்கள், சீட்டு பறக்கும். அம்மா முறைத்தால் கோலம் என்று சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார வைத்தால் ஜோடியை உங்களுக்கு முன்னால் அவர்தான் பிடிப்பார், பந்தயம் வேண்டுமானாலும் கட்டுகிறேன். முதல் ஆட்டத்தில் எத்தனை சீட்டு மிஞ்சியது என்று எழுதுங்கள். எனக்கு 18.

தங்கள் அன்பு மகள்