கென்ய கவுண்டிகளும் 15 சதவீதமும்

ஆசிரியருக்கு,

கென்யாவின் 47 கவுண்டிகளுக்கும் (தனி ஆட்சி கொண்ட வட்டாரங்கள்) ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல். வாக்காளர் கையில் ஆறு வாக்குச்சீட்டுகள். கவுண்டி ஆட்சிக்குரியவை இரண்டுதான்: ஆளுநர், வார்டு உறுப்பினர். துணை ஆளுநருக்குத் தனி வாக்கு கிடையாது, ஆளுநர் வேட்பாளரோடு சேர்ந்தே நிற்பார். ஆளுநரை நீக்க, கவுண்டிப் பேரவையில் மூன்றில் இரு பங்கு ஆதரவு மட்டும் போதாது. நாடாளுமன்ற மேலவையான செனட் விசாரித்து முடிவெடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடு.

கோளாறு பணத்தில்தான். தேசிய வருவாயில் குறைந்தது 15 சதவீதம் கவுண்டிகளுக்கு என்கிறது 2010 அரசியலமைப்பு. ஆனால் நாடாளுமன்றக் கீழவையான தேசியப் பேரவை கடைசியாக ஒப்புக்கொண்ட தணிக்கைக் கணக்கை வைத்தே அது கணக்கிடப்படுகிறது. ஒப்புதல் இழுத்தடிக்கப்பட்டால், பல ஆண்டுக்கு முந்தைய சிறிய தொகையில்தான் 15 சதவீதம். தணிக்கை அறிக்கையை மூன்று மாதத்துக்குள் விவாதிக்க வேண்டும் என்ற விதியை நாடாளுமன்றம் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்.

– வாசகர்